எந்த அளவுத் துப்பாக்கி: பாசல் நகரிலிருக்கும் மகளுக்கு

மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசி எடுத்தபோது நான் அடுப்படியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, மூண்டு சைஸ் பிஸ்டல் காட்டினவை. நான் சின்னதைத்தான் எடுக்கப்போறன். இடுப்பிலை இருக்கிறதே தெரியேல்லை" என்றாய். எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்தது. "ஓம் ஓம், அது நல்லம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு கத்தரிக்காயை எடுத்துத் தாளில் பரப்பும்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமை ஆயுதம் ஒதுக்கும் படிவத்தில் நீ கையெழுத்து வைத்தால், உன் நிறுவனம் அந்த அளவைத்தான் உனக்கு ஒதுக்கும். சுடும் சோதனையும் அதோடுதான். ஒரு வருடத்துக்கு மாற்றமாட்டார்கள். நகைக்கடையில் விற்பனைப் பெண்போல நின்று காவல் காக்கப்போகிறாய். ஒருநாள் ஏதாவது நடந்தால், உனக்கும் உன் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இருப்பது அது ஒன்றுதான். அப்படிப்பட்ட விஷயத்துக்கு நான் பொரியலைக் கிளறிக்கொண்டு "ஓம்" சொல்லியிருக்கக் கூடாது. ஆகவே இந்தக் கடிதம். நீ நடுத்தர அளவை எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்று ஒழுங்காக எழுதுகிறேன். இதுவரை உனக்குச் சொல்லாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதை முதலில் எழுதினால் மீதியை வாசிக்கமாட்டாய் என்பதால் பின்னால் வைத்திருக்கிறேன்.

நான் எதையும் புத்தகத்திலிருந்து தொடங்குகிறவள் என்று உனக்குத் தெரியும். "நீங்கள் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைதான் அம்மா" என்று நீ சிரிப்பாய். சிரி. இந்தச் சுவிஸ் நாட்டில் இலங்கைப் பிரசைகள் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியை நான் லுசேர்ண் நூலகத்தில் வாசித்தேன். அப்போது எனக்கு இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்து இரண்டு மாதம். முன்பு சீருடையோடு வெறுங்கையாய்க் கண்காட்சிகளில் காவல் நின்றேன். கடவுச்சீட்டு வந்த பிறகுதான் ஆயுதம் காவித் திரியும் அனுமதிக்கு விண்ணப்பித்தேன். ஆயுதச் சட்டம் முழுவதையும் ஜெர்மனில் எழுதி, எழுதியதைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, பல் தீட்டும்போது பாடமாக்கினேன். சோதனையில் தேறி வந்த அன்று உன் அப்பா, ஹோட்டல் சமையலறையிலிருந்து வந்த களையோடு, "இனி நான் சம்பலுக்கு உப்புக் காணாது எண்டு சொல்லுறதெண்டாலும் கையை மேலை தூக்கிக்கொண்டுதான் சொல்லவேணும் போலை" என்றார். "உப்பு எப்பவும் சரியாத்தான் இருக்கு" என்றேன். அப்போது உனக்கு ஏழு வயது. நான் லுசேர்ணில் கடிகாரக் கடையில் வேலை செய்கிறேன் என்று மட்டும் உனக்குச் சொன்னோம். அது பொய்யும் இல்லை, சாதாரண உடுப்பில் அங்கேதான் காவல் நின்றேன். துப்பாக்கி ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. வேலை தொடங்கும்போது நிறுவனத்தின் ஆயுத அறையில் எடுத்து, முடிந்ததும் அங்கேயே திருப்பிக் கொடுப்பேன். பதினைந்து வயதில் நீ உண்மையை அறிந்து, இரண்டு நாள் கோபமாக இருந்து, மூன்றாம் நாள் "எனக்கும் பழக்கிவிடுங்கோ" என்று கேட்டது நினைவிருக்கும்.

எங்கள் ஆயுத அறைக்குப் பொறுப்பாக ரூடி என்ற மனிதர் இருந்தார். மெலிந்து உயர்ந்தவர், எப்போதும் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். முதல் நாள் மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்து, மூன்றையும் அளவு வரிசையில் வைத்தார். அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: "பெரிசு சுடச் சுகம், காவக் கஷ்டம். சின்னன் காவச் சுகம், சுடக் கஷ்டம். நீங்கள் எந்தக் கஷ்டத்தை எடுக்கப்போறியள்?" நான் யோசிக்கவே இல்லை. அந்த அறையில் என்னோடு பயிற்சி எடுத்த ஏழு பேரும் ஆண்கள். எல்லோரும் என்னைவிட ஒரு முழம் உயரம். ஆகவே பெரியதைத் தொட்டு, "இதைத் தாங்கோ" என்றேன். ரூடி என் இடுப்பைப் பார்த்தார், பிறகு பெரியதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பதிவில் எழுதினார். அவர் எதுவும் சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் முதல் பிழை. ஆயுத அறையில் யாராவது பேசாமல் இருந்தால் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேள்.

இரண்டு மாதம் அந்தப் பெரியதோடு அல்லாடினேன். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கடையின் உயரமான முக்காலியில் உட்கார்ந்தால் குழலின் நுனி தொடைமடிப்பில் குத்தும், பிடியின் அடி விலா எலும்பில் இடிக்கும். இடுப்பில் ஒரு கோடு, முதலில் சிவந்து, பிறகு கத்தரிப்பூ நிறமாகியது. குத்தும் இடத்தை என் கை தானாகவே தேடிப் போகத் தொடங்கியது. உடுப்பை இழுத்துவிடுவேன், முழங்கையால் தடவுவேன். நாம் மறைத்து வைத்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நம் கைதான். கடை இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ராசாத்தியக்காவை உனக்குத் தெரியும், எம்மன்புரூக்கேயில் எங்களுக்கு எதிர்த் தொடர்மாடியில் இருந்தவ. ஒருநாள் கண்ணாடி துடைத்துக்கொண்டே என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தா. "பிள்ளை, குறை நினையாதை. இடுப்பிலை மெசின் பூட்டியிருக்கினமோ?"

"என்ன மெசின் அக்கா?"

"சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஏத்தப் பூட்டுற மெசின். என்ரை மச்சாளுக்கும் உதுதான். நீ அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பாக்கிறாய். சின்ன வயசிலையே வந்திட்டுது என்ன?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் பிறகு என்ன என்று கேட்பா. அந்த வியாழக்கிழமை ஒரு பெட்டி நிறையப் பாகற்காய்க் கறி கொண்டுவந்து தந்தா. அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் மூன்று பேர் என் கையைப் பிடித்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். உன் அப்பா வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராசாத்தியக்கா நல்ல மனதோடு பார்த்துவிட்டா. கெட்ட மனதோடு பார்க்கிற ஒருவனும் அதே இடத்தைத்தான் பார்த்திருப்பான்.

அந்த இரண்டு மாதத்தில் நான் படித்ததை எழுதுகிறேன், உன் பயிற்சிக்காரர்கள் ஆண்களுக்குச் சொல்வதைத்தான் உனக்கும் சொல்லியிருப்பார்கள். வெளியே தெரிவது குழலின் நீளம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழல் கீழே, உடுப்புக்குள், காலோடு ஒட்டிக் கிடக்கும். அதை யாரும் காணமாட்டார்கள். தெரிவது பிடி. நீ குனிந்தால் பிடியின் அடிமூலை உடுப்பைக் கூடாரம்போலத் தூக்கும். எனவே நீளத்தை அளக்கும்போது பிடியை அள. அடுத்தது தடிப்பு. ஒரு விரல் அகலம் மெல்லியதாக இருந்தால், நீளம் கொஞ்சம் கூட இருந்தாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். பாரத்தைப் பற்றிப் பயப்படாதே. பாரத்தைத் தூக்குவது உன் இடுப்பின் வேலை இல்லை, அது பெல்ட்டின் வேலை. கடைகளில் விற்கும் மெல்லிய பெண்கள் பெல்ட் உதவாது. உட்புறம் விறைப்பான தகடு வைத்ததை வாங்கு. உன் கால்சட்டையை ஒரு அளவு கூட வாங்கு. மேற்சட்டை நேராக விழுவதாக, கொஞ்சம் பூப்போட்டதாக, நிறம் கடுமையானதாக இருக்கட்டும். வெளிர் நிற ஒற்றைத் துணியில் ஒவ்வொரு மேடும் நிழல் விழுத்தும். கழிவறையைப் பற்றி யாரும் வெட்கத்தில் பேசுவதில்லை, ஆகவே நான் பேசுகிறேன். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காதே, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைக்காதே. உறையோடு பெல்ட்டோடு முழங்காலுக்குக் கீழே இறங்கட்டும், திரும்ப ஏறட்டும். மறந்துவிட்டு வெளியே வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் திரும்பி ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன்.

பெரியதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரூடி நடுத்தரத்தை எடுத்து நீட்டினார். நான் அதைக் கடந்து சின்னதைக் கேட்டேன். சூடு கண்டவள் அல்லவா, இனி ஒரு துளியும் குத்தக்கூடாது என்றிருந்தது. நீ சொன்னதேதான் நானும் சொன்னேன்: இருக்கிறதே தெரியேல்லை. உண்மை. உள்ளங்கையை விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். முக்காலியில் உட்காரலாம், குனியலாம், மேல்தட்டிலிருந்து பெட்டி எடுக்கலாம். ராசாத்தியக்கா, "மெசினைக் கழட்டியாச்சோ, பாகற்காய் வேலை செய்திட்டுது" என்று ஊரெல்லாம் சொன்னா. ஆனால் மாதம் ஒருமுறை சுடும் கூடத்துக்குப் போனால் அதன் குறை தெரியும். சின்னதில் பிடி குட்டை. சின்ன விரலுக்கு இடமில்லை, அது கீழே அந்தரத்தில் தொங்கும். பாரம் குறைவென்பதால் உதைப்பு முழுவதும் மணிக்கட்டுக்கு வரும். குழல் கட்டை என்பதால் கை ஒரு நூல் அசைந்தால் இலக்குத் தாளில் ஒரு சாண் அசையும். பத்து மீற்றரில் ஐந்து சுட்டால் ஒன்று தாளுக்கு வெளியே போகும். தேர்வுக்கு வேண்டிய புள்ளியைத் தொட்டுக்கொண்டு தேறினேன். அதற்கு மேல் பழகவும் இல்லை. கையை நோகச் செய்கிற ஒன்றோடு யாரும் ஆசையாய்ப் பழகமாட்டார்கள். நான் புத்தகப் பிள்ளை, எல்லாவற்றுக்கும் பயிற்சி எடுப்பவள். இதற்கு மட்டும் தலையிடி, நேரமில்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி நான் சாட்டுச் சொன்ன பொருளைத்தான் நீ வெள்ளிக்கிழமை எழுதப் பார்க்கிறாய்.

இந்த இடம்வரை நேற்று எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது பொறுக்காமல் உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன், நடுத்தரத்தை ஒருதரம் கட்டிப் பார் என்று. மத்தியானம் உடைமாற்றும் அறையிலிருந்து நீ தொலைபேசி எடுத்தாய்.

"கட்டிட்டன். குத்துது. திருப்தியோ?"

"எங்கை குத்துது?"

"எல்லா இடமும் குத்துது அம்மா. இருந்தா விலாவிலை இடிக்குது. இதோடை எட்டு மணித்தியாலம் நிக்கேலாது."

"எலும்புக்கு நேரை வைச்சிருக்கிறாய். பின்னுக்குத் தள்ளு."

"எவ்வளவு?"

"மூண்டு விரல். கால்சட்டைப் பின்பொக்கற் தொடங்கிற இடத்துக்கு. பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கு. உறையின்ரை அடிப்பக்கத்துக்கும் உடம்புக்கும் இடையிலை ஒரு சின்ன மெத்தைத் துண்டு வை. அடி வெளியிலை தள்ளினா பிடி உள்ளுக்குச் சாயும்."

"மெத்தைக்கு இப்ப எங்கை போறது?"

"சொக்ஸ் இருக்குதானே, மடிச்சு வை."

நீ மூச்சுப் பிடித்து எதையோ இழுப்பது மட்டும் கேட்டது. பிறகு உட்காரும் வாங்கு ஒன்று கிரீச்சிட்டது. "இருந்திட்டன்" என்றாய். "இப்ப இடிக்கேல்லை." அந்தக் குரலில் எனக்கு வெற்றி கேட்டது, ஆனால் நீ உடனே அதை மூடிவிட்டாய். "எண்டாலும் சின்னன் சின்னன்தான் அம்மா. ஏன் இந்தப் பிடி பிடிக்கிறியள்? உங்களுக்கு என்ன நடந்தது?" நான், "கடிதத்திலை எழுதுறன்" என்றேன். "ஆர் இப்ப கடிதம் எழுதுகினம்!" என்று வைத்துவிட்டாய். நான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் வேறு பக்கம் போய்விடுவேன். தாளில் தப்பிக்க முடியாது.

அம்மனின் தேர்த் திருவிழாவன்று நடந்தது உனக்குத் தெரியும், உனக்கு ஒன்பது வயது, நீ அங்கே நின்றாய். ஆனால் எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. அந்த வருடம் அம்மனின் நகைகளை வங்கியிலிருந்து கொண்டுவந்து, சாத்தி, கழற்றி, திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைக் கோயில்காரர் எங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். சேலை கட்டி, சனத்தோடு சனமாகக் கருவறைப் பக்கம் நிற்கக்கூடிய ஒருவர் வேண்டும் என்றார்கள். நிறுவனத்தில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். நான் எவ்வளவு பெருமையோடு "ஓம்" சொன்னேன் தெரியுமா. சீருடையில் என்னோடு வந்த சகா பெயாத், சப்பாத்தைக் கழற்றினால்தான் உள்ளே வரலாம் என்று கோயில்காரர் சொன்னதும், கடமையில் சப்பாத்துக் கழற்ற அனுமதியில்லை என்று முன்வாசல் செருப்புத் தட்டருகே நின்றுவிட்டான். இரண்டு பக்கமும் சரி. யாரும் அதை முன்கூட்டி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே உள்ளே நான் மட்டும். உனக்கு நான் விரதகாரியாக வந்து நின்ற அம்மா. என் சேலைக்குள் அந்தச் சின்னத் துப்பாக்கி இருந்தது.

அதை எப்படி வைத்திருந்தேன் என்பதுதான் நான் இத்தனை வருடமும் சொல்லாதது. சேலையில் பெல்ட் இல்லை. இடது பக்கம் இடை தெரியும், வலது பக்கம் கை பட்டால் துணி விலகும். அகலமான இழுபட்டி ஒன்றை உள்பாவாடைக்கு உள்ளே சுற்றி, முன்பக்கம், கொய்யகம் செருகும் இடத்துக்குப் பின்னால் அதை வைத்தேன். அதன் மேல் உள்பாவாடை, அதன் மேல் ஏழு மடிப்புக் கொய்யகம், அதை ஒரு ஊசியால் குத்தி, முந்தானையைச் சுற்றி இடுப்பில் சொருகி இன்னொரு ஊசி. கண்ணாடியில் பார்த்தேன். அற்புதமாக மறைந்திருந்தது. அன்று காலை எத்தனை பேர் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ராசாத்தியக்கா என் வயிற்றைத் தட்டி, "மெலிஞ்சு போனாய்" என்றா. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வேலைக்குப் போகும் முன் அதே உடையில் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நான் பாடமாக்கிய கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. சேலை குலைந்துவிடும் என்று பார்க்கவில்லை.

தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்து, சனம் எல்லாம் அன்னதான வரிசையில் நின்ற நேரம். நகைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. முன்வாசல் நெரிசல் என்பதால் கோயில் ஐயர் சமையலறைப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கைப் பாதையால் பின்கதவுக்கு வந்தார். அவர் கையில் பெட்டி, அவருக்குப் பின்னால் பூத்தட்டத்தோடு நீ, பச்சைப் பாவாடை சட்டையில். நான் இரண்டு எட்டுப் பின்னால். பின்கதவு திறந்தது. நான் முதலில் பார்த்தது கால்களை. கோயிலுக்குள் சப்பாத்தோடு வந்த கால்கள். பிறகுதான் தலைக்கவசத்தையும் கத்தியையும் பார்த்தேன். கண்டவுடன் புரிந்தது, அதில் எனக்குக் குறை இல்லை. அவன் பெட்டியைப் பிடித்து இழுத்தான். ஐயர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். அவன் வெட்டினான். நீ தட்டத்தைப் போட்டுவிட்டு அவனைத் தாண்டிக் கதவுப் பக்கம் ஓடினாய். நான் முந்தானை ஊசியைக் கழற்றினேன். கொய்யக ஊசி வரவில்லை. கையைத் துணிக்குள் விட்டேன், மடிப்புக்குள் மடிப்பு, எதை விலக்கினாலும் இன்னொன்று. விரல் நுனியில் பிடியின் வடிவம் தெரிந்தது, நடுவில் உள்பாவாடைத் துணி. ஐயர் போட்ட சத்தத்தில் சமையல்காரர்கள் அகப்பையும் கையுமாக ஓடிவந்தார்கள். அவன் வெறுங்கையோடு வெளியே ஓடினான். இரண்டு தெரு தள்ளிப் பொலிஸ் பிடித்தது. ஐயரின் முன்கைக்குப் பதினொரு தையல். நான் இரண்டு கையாலும் சேலையைப் பிடித்தபடி நின்றேன்.

"கள்ளன் வந்த நேரம் எங்கடை அம்மா சேலை அவிழ்ந்திடும் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டவ" என்று பிறந்தநாள் விழாக்களில் நீ நடித்துக் காட்டுவாய். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நீ சொல்லும்போது நான் ஒருநாளும் திருத்தவில்லை. பயந்த அம்மாவாக இருப்பது, தன் வேலையைச் செய்யமுடியாமல் நின்ற காவல்காரியாக இருப்பதைவிடச் சுகமாக இருந்தது. நிறுவனத்துக்கு நேர்த்தியான ஜெர்மனில் இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். "ஆயுதம் பயன்படுத்தவேண்டிய தேவை ஏற்படவில்லை" என்று ஒரு வரி. என் வாழ்க்கையில் நான் எழுதிய பொய் அந்த ஒரு வரிதான்.

ரூடி அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார். "அதே சேலையோடை நாளைக்குச் சுடுற கூடத்துக்கு வாங்கோ" என்றார். நிலத்தடியில் உள்ள அந்தக் கூடத்தில், காதுமூடிகளோடு நின்ற சகாக்களுக்கு முன்னால், அரக்குப் பட்டுச் சேலையில் நான். துப்பாக்கியில் குண்டு இல்லை. ரூடி நேரம் பார்த்தார். பத்தொன்பது விநாடி. கொய்யகம் முழுவதும் என் காலடியில் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை. "இவ்வளவு நேரத்துக்கு அந்த ஐயருக்கு இன்னும் இரண்டு கை வேணும்" என்றார் ரூடி. அன்றைக்கே அறிக்கையைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். பிறகு நடுத்தரத்தை எடுத்தேன். பக்கவெட்டு வைத்த சல்வார், உள்ளே கால்சட்டையும் விறைப்பான பெல்ட்டும், எலும்புக்கு மூன்று விரல் பின்னால் உறை. வெட்டுக்குள் கை போகும், இரண்டு விநாடி. ஐந்து சுட்டால் ஐந்தும் தாளின் நடுவில். கோயில் வேலையானாலும் கடை வேலையானாலும் பதினொரு வருடம் அதையே கட்டினேன். முதல் பத்து நாள் குத்தியது. பிறகு உடம்பு இடம் கொடுத்தது. இருக்கிறது என்று எப்போதும் தெரியும், ஆனால் தொட வேண்டும் என்று தோன்றாது. நான் கண்ட வசதி அதுதான். இருப்பதே தெரியாத அளவுக்கு வசதி இந்த வேலைக்கு நல்லதல்ல.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை ரூடிக்கும் சொல்லவில்லை. அந்த ஒழுங்கையில் துப்பாக்கி என் கைக்கு வந்திருந்தால் நான் சுட்டிருப்பேன். அவனுக்குப் பின்னால், கதவருகில், பச்சைப் பாவாடை நின்றது. ஐந்தில் ஒன்றைத் தாளுக்கு வெளியே விடுகிற துப்பாக்கி அது. இதற்கு மேல் எழுத எனக்குத் தேவையில்லை, நீயே கணித்துக்கொள்வாய். சின்னதை எடுக்காதே என்று நான் சொல்வது அதை மறைக்க முடியாது என்பதால் அல்ல. அதைப்போல மறைவது வேறில்லை. சுடவேண்டாம் என்று நீ முடிவெடுப்பதற்கும் குண்டு எங்கே போகும் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவளுக்குத்தான் கையை நிறுத்தவும் முடியும்.

நான் உத்தரவு போடவில்லை. உன் கை என் கையைவிட நீளம், உன் காலத்துத் துப்பாக்கிகள் மெல்லியவை. வியாழக்கிழமை மூன்றையும் கேட்டு வாங்கு. ஒவ்வொன்றையும் நீ கடைக்குப் போடப்போகும் அதே உடுப்பில் கட்டு. இரு, குனி, சப்பாத்து நாடா கட்டு, டிராம் ஏறுவதுபோல் படி ஏறு. குண்டில்லாத துப்பாக்கியை இருபது தரம் எடுத்துப் பார், யாரையாவது நேரம் பார்க்கச் சொல். பிறகு ஒவ்வொன்றாலும் சுட்டு, மூன்று தாளையும் பக்கத்தில் வை. சின்னதின் தாள் நன்றாக இருந்தால் சின்னதை எழுது, நான் வாய் திறக்கமாட்டேன். எதுவுமே உன் உடுப்புக்குள் அடங்கவில்லை என்றால் அந்தப் பதவி வேண்டாம், சீருடையில் வெளியே தெரியக் கட்டுகிறேன் என்று சொல். அப்படிச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. உனக்குத் தெரியும், நீ என்னைவிடக் கெட்டிக்காரி, என்னைவிடத் துணிச்சல்காரி. இதை நான் முகதாட்சண்யத்துக்கு எழுதவில்லை.

உனக்குச் சொல்லும்முன் ஐயருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்று காலை பூசை முடிந்த நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தேன். நின்றுகொண்டே பேசினேன். அன்று என்னிடம் துப்பாக்கி இருந்தது, என்னால் எடுக்க முடியவில்லை, நான் ஒழுங்காகச் செய்திருந்தால் உங்கள் கையில் வெட்டு விழுந்திராது என்று முழுவதும் சொன்னேன்.

"பதினேழு வரியமா இதைக் காவிக்கொண்டு திரிஞ்சனீங்களோ?" என்றார்.

"ஓம் ஐயா."

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"இல்லை. எழுதிக்கொண்டிருக்கிறன். அவ வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கவேணும்."

"இண்டைக்குப் புதன்" என்றார். "பிறகேன் என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்? போய் எழுதி முடியுங்கோ."

முடித்துவிட்டேன். இப்போது மணி நாலே கால். கீழ்த்தெருப் பெட்டியை ஐந்து மணிக்கு எடுப்பார்கள். விரைவுத் தபால் முத்திரை ஒட்டியாயிற்று, நாளைக் காலை உன் கையில் இருக்கும். அதன்பிறகு உனக்கு ஒரு முழு நாள் இருக்கிறது.

அம்மா